வாளியில் ஒரு மீன்... பாதாளத்தில் எத்தனை? மரபணு போடும் மனக்கணக்கு!

தேரூர் குளத்தில் எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று கேட்டால், பைனாகுலரும் நோட்டுமாகக் கரையில் உட்கார்ந்து எண்ணிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலங்களுக்கும் வேம்பனூருக்கும் 2022-ல் ராம்சர் அங்கீகாரமே கிடைத்துவிட்டது. சரி, அந்தக் குளத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு வீட்டுக் கிணற்றின் ஊற்றுக்கண்ணுக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்குகளில் நிற்கும் தண்ணீரில் எத்தனை உயிர்கள் இருக்கும்?

கேள்வியே விநோதமாக இருக்கிறதா? நிலத்தடி நீர் என்றதும் நமக்கு மோட்டாரும் அடி கணக்கும்தான் நினைவுக்கு வரும். அங்கே மீன் வாழும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் வாழ்கிறது. களியக்காவிளை தாண்டி வடக்கே போனால், கேரளத்தின் வீட்டுக் கிணறுகளிலிருந்து அப்படிப்பட்ட மீன்கள் எழுபது வருடங்களுக்கும் மேலாக வாளியிலும் குழாயிலும் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. கண் கிடையாது. உடலில் நிறமி கிடையாது. உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிவதால், சிவப்பு நூல் துண்டு நெளிவது போல இருக்கும்.

முதல் மீனைப் பற்றிய விவரம் 1950-ல் வெளிவந்தது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.ஜி.கே. மேனன், கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த சின்னஞ்சிறு கெளுத்திக்கு 'ஹொராக்ளானிஸ் கிருஷ்ணாய்' என்று பெயர் வைத்தார். அப்போது கோட்டயமும் நாகர்கோவிலும் ஒரே மாநிலம், திருவிதாங்கூர் - கொச்சி. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது எல்லைக்கோடு நிலத்தின் மேலேதான் போடப்பட்டது. கீழே இருக்கும் செம்புரைப் பாறைக்கு அது தெரியாது. வெட்டுக்கல் வெட்டுகிறோமே, அதே பாறைதான். கடற்பஞ்சு மாதிரி துளைத் துளையாக இருக்கும். மழைத் தண்ணீர் அந்தத் துளைகளில் இறங்கித் தேங்கும். கேரளத்துக் குருட்டுக் கெளுத்திகளின் வீடு அந்தத் துளைகள்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கமும் அந்த மண் தொடர்கிறது.

கிருஷ்ணாய்க்குப் பிறகு பட்டியல் நீண்டது. 2012-ல் இரிஞ்ஞாலக்குடாவில் கிடைத்த இனத்துக்கு அப்துல் கலாம் பெயர் வைக்கப்பட்டது. கோழிக்கோட்டுப் பக்கம் கிடைத்த ஒரு மீன், வட இந்தியர்கள் கொறிக்கும் பூஜியா போல இருந்ததால் 2019-ல் 'பாங்கியோ பூஜியா' ஆனது. நம் ஊரில் கிடைத்திருந்தால் ஓமப்பொடி என்று வைத்திருப்போம்! அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட இன்னொரு மீனுக்குப் பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மகாபலியின் பெயர். 2020-ல் செங்கன்னூரில் ஒருவர் குளிக்க எடுத்த வாளித் தண்ணீரில் சிவப்பாக ஏதோ நெளிந்தது. 2022-ல் அதற்கு 'பாங்கியோ பாதாள' என்று பெயர் வந்தது; மறு வருடம் ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் அதைப் பற்றிப் பதிவிட, கேரளமே கொண்டாடியது.

டிகாப்ரியோ வந்ததால் செய்தியானது. ஆனால் அந்த மீன்கள் மொத்தம் எத்தனை இருக்கின்றன, கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்வி செய்தியாகவில்லை. அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கிணறு என்பது அவற்றின் வீடு அல்ல, வீட்டின் ஜன்னல். எப்போதாவது ஒன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது. மாட்டிக்கொள்கிறது. அதை வைத்து உள்ளே குடும்பத்தில் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது?

புளியங்கொட்டைக் கணக்கு

எண்ண முடியாததை எண்ணுவதற்கு உயிரியலாளர்களிடம் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை. கொட்டி எண்ணக் கூடாது. கைவிட்டு 100 கொட்டைகளை எடுத்து, சுண்ணாம்புப் பொட்டு வைத்து, திரும்பப் பானையில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். மறுபடி 100 எடுங்கள். அதில் 10 கொட்டைகளில் பொட்டு இருந்தால், பத்தில் ஒரு பங்குக்குப் பொட்டு வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அப்படியானால் பானையில் சுமார் 1,000 கொட்டைகள்.

பறவைக்கு வளையம் மாட்டுவதும் ஆமைக்கு அடையாளத் தகடு பொருத்துவதும் இந்தக் கணக்குக்கும் உதவும். ஆனால் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணில்லாத மீனுக்கு எங்கே பொட்டு வைப்பது? வைத்தாலும் பாறை இடுக்கில் உரசி உரசி அழிந்துவிடும்.

இங்கேதான் மரபணு உள்ளே வருகிறது. பொட்டு வைக்கத் தேவையில்லை; ஒவ்வொரு மீனும் பிறக்கும்போதே பொட்டோடுதான் பிறக்கிறது. டி.என்.ஏ-வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் 'கத கத கத கத' என்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் பலருக்கும் ஒன்றுபோல இருக்கலாம். பத்துப் பதினைந்து இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் இருவருக்கு ஒத்துப்போவது அபூர்வம். போலீஸ் வழக்குகளில் டி.என்.ஏ சோதனை என்று படிக்கிறோமே, அதன் அடிப்படையும் இதுதான். இந்த இடங்களைத்தான் மரபணுக் குறிப்பான்கள் என்கிறார்கள். மீனின் துடுப்பு ஓரத்தில் நகம் வெட்டுவது போல ஒரு துணுக்கு எடுத்தால் போதும். மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம். அடுத்த முறை பிடிக்கும்போது மறுபடி ஒரு துணுக்கு. இரண்டும் ஒத்துப்போனால் அதே மீன்!

சொல்வதற்குச் சுலபம். பார்க்கும் இடங்கள் குறைவாக இருந்தால் இரண்டு வெவ்வேறு மீன்கள் ஒன்றாகத் தெரிந்துவிடும். பழைய மீனே திரும்ப வந்ததாக நினைத்து மொத்த எண்ணிக்கையைக் குறைத்துப் போட்டுவிடுவோம். பாதாள மீன்களில் இந்த ஆபத்து அதிகம். சிறு கூட்டமாகத் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கலந்து வாழ்வதால் எல்லாமே நெருங்கிய உறவு. ஜாடை ஒன்றுபோலத்தான் இருக்கும். மாறாக, ஆய்வகத்தில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் ஒரே மீன் இரண்டாகிவிடும். அப்போது எண்ணிக்கை பொய்யாக ஏறும்.

மெக்சிகோ குகையில் கிடைத்த அதிர்ச்சி

இந்தக் கணக்கை நிஜமாகவே ஒரு குகையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வடகிழக்கு மெக்சிகோவில் எல் பச்சோன் என்றொரு குகை. அதற்குள் 'அஸ்டியானாக்ஸ்' என்ற கண்ணில்லாத மீன் வாழ்கிறது. நீங்களே பார்த்திருக்கலாம், அதன் சொந்தக்கார மீன்கள்தான் அலங்கார மீன் கடைகளில் 'பிளைண்ட் டெட்ரா' என்ற பெயரில் விற்பனையாகின்றன. வெளியே ஆற்றில் வாழும் அதே இனத்துக்கு அழகான கண்கள் உண்டு. இருட்டுக்குள் போனது கண்ணை இழந்தது எப்படி என்பதை அறிய உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தக் குகை மீனைத்தான் வளர்க்கின்றன. இவ்வளவு பிரபலமான மீன், அதன் சொந்தக் குகையில் எத்தனை இருக்கிறது?

1971-ல் எண்ணியபோது கிடைத்த மதிப்பீடு ஆயிரக்கணக்கில் இருந்தது. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் யாரும் சரியாக எண்ணவில்லை. பிரான்ஸ், மெக்சிகோ ஆய்வாளர்கள் துடுப்புத் துணுக்கு முறையில் மறுபடி எண்ணிப் பார்த்து, முடிவை 2023-ல் வெளியிட்டார்கள். 3 நாள் இடைவெளியில் ஒரு முறை, 3 ஆண்டு இடைவெளியில் ஒரு முறை மீன்களைப் பிடித்து ஒப்பிட்டார்கள். ஏன் இரண்டு இடைவெளி? மூன்று நாளில் பெரிதாக எதுவும் சாகாது, பிறக்காது. ஆகவே அது எண்ணிக்கையைச் சொல்லும். மூன்று ஆண்டில் பானைக்கு ஓட்டை இருக்கிறதா, அதாவது மீன்கள் வேறு நீர்வழிகளுக்குப் போய் வருகின்றனவா என்பது தெரியும்.

விடை: சில நூறு மீன்கள். அவ்வளவுதான். அதுவும் வெளித்தொடர்பு அதிகமில்லாத, தனித்த ஒரு கூட்டம். குகைக்குள் எட்ட முடியாத இடங்களில் எப்படியும் ஏராளமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி இது. இத்தனை ஆய்வகங்கள் தேடும் மீனுக்கே இந்த நிலை என்றால், இப்போதுதான் பெயரே வைக்கப்பட்ட கேரளத்து மீன்களின் நிலை என்ன?

மருமக்கள் வழியும் மீனும்

கேரளத்தில் நடந்தது வேறு மாதிரியான ஆய்வு. அதைப் புரிந்துகொள்ள நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தனி வசதி ஒன்று இருக்கிறது!

கொச்சியில் உள்ள கேரள மீன்வள மற்றும் கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனும், ரெம்யா சுந்தர், ரால்ஃப் பிரிட்ஸ், நீலேஷ் தஹானுகர் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் குருட்டுக் கெளுத்திகளைத் தேடினார்கள். விஞ்ஞானிகள் மட்டும் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து முடிகிற காரியமா? அதனால் கிணற்றுச் சொந்தக்காரர்களையே கூட்டாளிகள் ஆக்கினார்கள். மீன் வந்தால் தகவல் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகள் நீடித்த அந்த முயற்சியில் 47 புதிய இடங்களும் 65 புதிய மரபணு வரிசைகளும் கிடைத்தன. கூடவே புது இனம் ஒன்று. மக்கள் தேடித் தந்த மீன் என்பதால், லத்தீன் மொழியில் 'மக்களுடைய' என்ற பொருளில் 'ஹொராக்ளானிஸ் பாப்புலி' என்று பெயரிட்டார்கள். 2023-ல் வெளியான கட்டுரை அது. எனக்குத் தெரிந்து கிணற்று வாளிக்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான்.

அவர்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவை. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும். மகனுக்கும் கிடைக்கும், மகளுக்கும் கிடைக்கும். ஆனால் மகனால் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சொத்து அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல், பெண் வழியில், மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைக்குப் போன நம் பழைய மருமக்கள் வழி ஏற்பாடுதான். அதன் கொடுமைகளைக் கிண்டலடித்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தது, தொடக்கத்தில் சொன்ன அதே தேரூரில். மனிதர்கள் அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு மாற்றிவிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா மாற்றவில்லை.

பெண் வழியில் மட்டும் போவதால், இந்தக் குறிப்பான் ஒரு மீன் எந்தத் தாய்வழித் தரவாட்டைச் சேர்ந்தது என்று காட்டிக் கொடுக்கும். கேரள ஆய்வின் ஆச்சரியம் அங்கேதான். வெளியிலிருந்து பார்க்க இந்தக் கெளுத்திகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. மரபணுவிலோ எதிர்பாராத அளவுக்கு வேறுபாடு.

எண்ணிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய. கோட்டயத்திலிருந்து திருச்சூர் வரை நிலத்தடியில் ஒரே பெரிய மீன் கூட்டம் என்று நினைத்திருந்தால், ஒரு ஊரில் அழிந்தாலும் பக்கத்து ஊரிலிருந்து வந்து நிரம்பிவிடும் என்று நிம்மதியாக இருக்கலாம். உண்மையில் தனித்தனிக் குடும்பங்கள். ஒன்று போனால் போனதுதான். எத்தனை மீன் என்று கேட்பதற்கு முன் எத்தனை கூட்டம் என்று கேட்க வேண்டும். முதல் படியை 65 மீன்களை வைத்தே ஏறிவிட்டார்கள்.

மரபணு வேறுபாட்டை வைத்தே எண்ணிக்கையை ஊகிக்கும் வழியும் உண்டு. வேறுபாடு என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்புது மாற்றங்கள் வரவு வைக்கப்படும். பிள்ளை பெறாமல் இறப்பவர்களோடு கொஞ்சம் செலவாகும். கூட்டம் பெரிதாக இருந்தால் செலவு குறைவு, இருப்பு நிற்கும். சிறிதாக இருந்தால் சீக்கிரம் கரையும். 1972-லேயே அவிசே, செலாண்டர் என்ற இருவர் மெக்சிகோ குகை மீன்களின் புரதங்களைச் சோதித்து, ஆற்று மீன்களைவிட அவற்றின் இருப்பு மிகக் குறைவு என்று காட்டினார்கள்.

ஆனால் இந்த முறை சொல்வது தலை எண்ணிக்கை அல்ல. ஓர் ஊரில் ஆயிரம் பேர் இருந்து ஐம்பது பேருக்கு மட்டுமே பிள்ளைகள் என்றால், மரபணுக் கணக்கில் அது ஏறத்தாழ ஐம்பது பேர் ஊர்தான். பலனளிக்கும் எண்ணிக்கை என்று இதைச் சொல்கிறார்கள். தாய்வழிக் குறிப்பானை மட்டும் பார்த்தால் பெண் மீன்களின் கணக்குதான் கிடைக்கும். தவிர, இது பல தலைமுறைகளின் சராசரி. போன வருடம் ஒருவர் கிணற்றில் பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் கொட்டினார் என்றால் அது இதில் தெரிய வெகுகாலம் ஆகும்.

ஒரு முறைகூடத் திரும்பப் பிடிக்காமல்...

கிணற்று மீனுக்குத் துடுப்புத் துணுக்கு முறை பொருந்துமா என்றால், சந்தேகம்தான். குகைக்குள் மனிதன் நுழையலாம். செம்புரைக்கல் துளைக்குள் எப்படி நுழைவது? ஒரு கிணற்றில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மீன் வந்தால் அதிசயம். பல நேரம் மோட்டாரில் அடிபட்டுச் செத்துத்தான் வருகிறது. செத்த மீனைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. அது வந்தது கடலிலிருந்து. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தெற்குக் கடல் நீலத்துடுப்புச் சூரை மீனுக்குப் போட்ட கணக்கு 2016-ல் வெளியானது. சுமார் 14,000 மீன்களின் மரபணுவைப் படித்தார்கள். அத்தனையும் பிடிபட்ட மீன்கள். அவற்றில் பெற்றோர் - பிள்ளை ஜோடிகளைத் தேடினார்கள். கிடைத்தது 45 ஜோடி. அதை வைத்துக் கடலில் வளர்ந்த சூரைகள் சுமார் 20 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்திலிருந்து ஐம்பது பெரியவர்களையும் ஐம்பது குழந்தைகளையும் தனியே நிறுத்துகிறோம். ஒவ்வொரு குழந்தையிடமும், "இதில் உன் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்களா?" என்று கேட்கிறோம். பலர் 'ஆமாம்' என்றால் கூட்டம் சின்னது. யாருமே தலையாட்டவில்லை என்றால் கூட்டம் பெரியது. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டே பெற்றோர் என்பதுதான் இந்தக் கணக்கின் அச்சாணி. பிள்ளைதான் பெற்றோருக்கு வைக்கப்பட்ட பொட்டு. யாரையும் இரண்டாவது முறை பிடிக்க வேண்டாம். செத்த மீனும் சாட்சி சொல்லும்.

கிணற்று மீனுக்கு இந்த முறைதான் தோதானது என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு முதலில் மீன்கள் சேர வேண்டும். எந்தக் கிணறு, எந்தத் தேதி என்ற குறிப்போடு பத்திரமாகச் சேர வேண்டும்.

மீனே கையில் கிடைக்காவிட்டால், தண்ணீரை வடிகட்டி அதில் உதிர்ந்து கிடக்கும் டி.என்.ஏ-வைத் தேடலாம். பால்கன் நாடுகளின் குகைகளில் வாழும் 'ஓல்ம்' என்ற குருட்டு நீர்ப்பல்லி, அதுவரை தெரியாத இடங்களிலும் இருப்பதை 2017-ல் வெளியான ஆய்வில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். (இந்த ஓல்ம் ஒரு தனிப்பிறவி. போஸ்னியாவில் ஒன்று 2,569 நாள்கள், அதாவது ஏழு வருடங்களுக்கு மேல், ஒரே இடத்தில் கிடந்தது என்று பதிவாகியிருக்கிறது. நம் வீட்டு சோபாவிலும் சிலர் உண்டு!) ஆனால் தண்ணீரில் கிடைக்கும் டி.என்.ஏ, வீட்டில் ஆள் இருப்பதைச் சொல்லுமே தவிர, எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்லாது.

குமரிக் கிணறுகள் என்ன ஆகின்றன?

ஹொராக்ளானிஸ் மீன்கள் இதுவரை பதிவானது கேரளத்தில் மட்டும்தான். ஆனால் பாதாள உயிர் என்றால் மீன் மட்டுமல்ல. அரிசிமணியைவிடச் சிறிய கண்ணில்லாத ஓட்டு உயிரிகள் உலகெங்கும் நிலத்தடி நீரில் வாழ்கின்றன. பாறைத் துளைகளில் படியும் பாக்டீரியாப் படலத்தை மேய்ந்து அவை பிழைக்கின்றன. ஆந்திரத்தின் ஆற்றுப் படுகைகளிலிருந்து அப்படிப்பட்ட பல இனங்களை இந்திய ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அவற்றுக்கும் மேலே சொன்ன கணக்குகள் பொருந்தும்.

அந்த உயிர்களைப் பார்க்க நமக்கிருக்கும் ஒரே ஜன்னல் வெட்டுக் கிணறு. குமரி மாவட்டத்தின் மேற்கே வீட்டுக்கு வீடு இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வீடு இடித்துக் கட்டும்போது முதலில் மண் போட்டு நிரப்பப்படுவது கிணறுதான். பதிலுக்கு ஆழ்துளைக் குழாய் இறங்குகிறது. அதில் மீன் வந்தாலும் மோட்டாருக்குள் கூழாகிவிடும், யார் கண்ணிலும் படாது. வாளி போட்டு இறைத்தவர்களுக்குத்தான் தண்ணீரில் என்ன நெளிகிறது என்று தெரியும். நேராகத் தொட்டிக்கு ஏற்றுபவர்களுக்குத் தெரியாது. கிணறு போனால் பார்ப்பதற்கும் ஆளில்லை, எண்ணுவதற்கும் வழியில்லை.

இன்னும் கிணறு வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெருமழைக்குப் பிறகும், தூர் வாரும்போதும் தண்ணீரைக் கவனியுங்கள். கண்ணில்லாத, சிவப்பான, புழு போன்ற ஏதாவது நீந்தினால் புழு என்று ஒதுக்கிவிட வேண்டாம். செல்போனில் படம் எடுத்து, தேதி, ஊர், கிணற்றின் ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையிடம் காட்டலாம். உயிரோடு இருந்தால் அதே கிணற்றுத் தண்ணீரில், இருட்டான பாத்திரத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதற்கு ஆகாது. செத்திருந்தால் தூக்கி எறியாமல் ஒரு சின்னப் பாட்டிலில், சுத்தமான எத்தனால் கிடைத்தால் அதில், இல்லையென்றால் ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ-வைப் படிப்பது சிரமமாகிவிடும்.

முக்கியமாக, பாவம் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றில் விட்டுவிடாதீர்கள். இரண்டு கிணறுகளுக்கும் நடுவே பத்தடிதான் இருக்கலாம். ஆனால் கீழே அவை இரண்டும் ஒரே குடும்பம்தானா என்பதை மரபணுவைப் படித்த பிறகே சொல்ல முடியும். எந்தக் கிணற்றில் வந்ததோ, அதே கிணற்றில் விடுங்கள்.